பின்னங்கால் எங்கே இருக்கிறது? வேறு வேறு குதிரைகளில் ஏறிக் கற்றவை

குதிரை ஏறுகிறவர்களிடம் பேலன்ஸ் பற்றிக் கேட்டால் தாங்கள் விழாமல் உட்கார்ந்திருப்பதைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். அதுவும் வேண்டியதுதான். ஆனால் நான் எழுத வந்தது குதிரையின் பேலன்ஸ் பற்றி. தன் உடம்பையும் நம்மையும் சேர்த்து அது எந்தக் காலில் சுமக்கிறது, பின்னங்காலை வயிற்றுக்கு அடியில் கொண்டுவந்து ஊன்றி நடக்கிறதா, இல்லை பின்னாலேயே விட்டுவிட்டு முன்னங்காலால் இழுத்துக்கொண்டு போகிறதா, இதை மேலே உட்கார்ந்திருக்கிற நாம் குனிந்து பார்க்காமல் எப்படித் தெரிந்துகொள்வது என்பதுதான் விஷயம். ஒரே குதிரையில் வருஷக்கணக்காக ஏறுகிறவருக்கு இது லேசில் பிடிபடாது என்பது என் உறுதியான எண்ணம். அந்தக் குதிரையின் கோணல் நமக்குப் பழகிவிடும், பழகினதே சரி என்று உடம்பு முடிவு செய்துவிடும். அடுத்த குதிரையில் ஏறும்போதுதான் வித்தியாசம் தெரியும், வித்தியாசம் தெரிந்தால்தான் உணர்வே வரும்.

எனக்கு ஊர் பாளையங்கோட்டை. சொந்தமாகக் குதிரை கிடையாது. அதனால் பிறர் குதிரைகளில்தான் ஏறி வந்திருக்கிறேன்: வல்லநாடு பக்கம் வண்டிப் பந்தயத்துக்கு வளர்க்கிற ஒரு செவலை, சேரன்மகாதேவியில் ஆசைக்காக வைத்திருக்கிற, ராஜஸ்தான் மார்வாரி இனத்துப் பெண்குதிரை ஒன்று, பணகுடிக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிற, ரேஸில் ஓடி ஓய்ந்த உயரமான குதிரை, மாமா வீட்டுப் பிள்ளைகள் ஏறுகிற ஒரு மட்டக்குதிரை. நான்கும் நான்கு விதம். நான்கிலும் ஏறினால்தான் ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது என்று கேட்கிறது.

முதலில் இந்த முன்பாரம் சமாச்சாரம். வண்டி ஓட்டினவர்களுக்கு இது சொல்லித்தர வேண்டியதே இல்லை. பாரம் முன்னால் கூடினால் நுகத்தடி கழுத்தை அமுக்கும், பின்னால் கூடினால் வண்டி மேலே தூக்கும், இரண்டுக்கும் நடுவில் ஏற்ற வேண்டும். எனக்குக் கற்றுக்கொடுத்த அண்ணாச்சி ஒரு காலத்தில் நெல்லை டவுனில் ஜட்கா ஓட்டியவர். குதிரைமேல் இருக்கிற ஆளைப் பார்த்தும் அவர் அதே வார்த்தையைத்தான் சொல்வார்: "முன்பாரமாப் போகுதுலே, கொஞ்சம் பின்னால வாங்கு." நின்றுகொண்டிருக்கிற குதிரையின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் இருக்கிறது. தலையும் நீளக் கழுத்தும் முன்னால் தொங்குவதால் இயற்கையே அப்படி. நாம் ஏறி உட்காருகிற இடமும் முன்னங்காலுக்குத்தான் பக்கம். ஆக, ஒன்றும் செய்யாமல் விட்டால் நம் எடையில் பெரும்பங்கும் அங்கேதான் போய்ச் சேரும். குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது என்பது இன்னொரு முக்கியமான சங்கதி. நமக்குத் தோளை மார்போடு சேர்க்கிற எலும்பு இருக்கிறது, அதற்கு இல்லை. இரண்டு முன்னங்கால்களுக்கு நடுவில் மார்புக்கூடு வெறும் தசையாலும் நாராலும்தான் ஏந்தப்பட்டிருக்கிறது. அந்தத் தசை தளர்ந்தால் உடம்பு முன்னால் அமிழும். அது வேலை செய்தால், பின்னங்காலும் உள்ளே வந்து ஊன்றினால், பிடரி முடிந்து முதுகு தொடங்குகிற மேடு நம் முன்னால் மேலே எழும். இந்த எழுச்சியை ஒருமுறை உணர்ந்தால் மறக்காது. ஏற்றம் ஏறுகிற மாதிரி ஒரு உணர்வு சமதரையிலேயே வரும்.

ஆனித் தேரோட்டத்தில் ரதவீதியில் பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். பிள்ளை தேரைப் பார்க்க வலது பக்கம் சாய்ந்தால் அப்பாவின் கால் தன்னால் வலது பக்கம் நகர்ந்து அந்தப் பாரத்துக்குக் கீழே போய் நிற்கும், யாரும் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளை நிமிர்ந்து அடக்கமாக உட்கார்ந்தால் தூக்குகிறவருக்கு லேசு, நெளிந்தால் கழுத்து வலி. குதிரைக்கு நாம் அந்தப் பிள்ளைதான். நாம் சாய்கிற பக்கம் அது கால் வைக்கும், நாம் முன்னால் குனிந்தால் அது முன்பாரமாகும். குதிரையைத் திருத்தப் புறப்படுமுன் நம் இருப்பை, அதாவது நாம் உட்கார்கிற விதத்தைத் திருத்த வேண்டும் என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

சரி, பின்னங்காலை எப்படி உணர்வது? நடையில்தான் தொடங்க வேண்டும். பலருக்கு நடை சலிப்பாக இருக்கும், ஏறின உடனே ஓட்டத்துக்குப் போக வேண்டும். ஆனால் நடையில் நான்கு கால்களும் தனித்தனியாக விழுகின்றன, நான்கு தாளம், கேட்பதற்கு நேரம் இருக்கிறது. அண்ணாச்சி தாமிரபரணிக் கரையில் குதிரையைத் தலைக்கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டு வருவார், நான் லகானைக் கழுத்தில் போட்டுவிட்டு அங்கவடியிலிருந்து காலை எடுத்துத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

"கண்ணை மூடிக்கோ தம்பி. எந்தப் பின்னங்கால் வருதுன்னு மட்டும் சொல்லு."

"வலது."

"அது போயி இடது வந்தாச்சு. நீ நெனச்சுச் சொல்லுத. நெனைக்காத, இடுப்பு சொல்லுததைச் சொல்லு."

இடுப்பு சொல்வது இதுதான். இடது பின்னங்கால் தரையை விட்டு எழுந்து முன்னே வரும்போது அந்தப் பக்க முதுகு தாழும். நம் இடது இடுப்பும் கூடவே இறங்கி முன்னால் போகும். அதே நேரத்தில் குதிரையின் வயிறு வலப்பக்கம் ஆடும், இடது பக்கம் இடம் விடும், நம் இடது கால் தன்னால் உள்ளே விழும். அந்தக் கால் ஊன்றித் தள்ளும்போது இடுப்பு மேலே வரும். அப்புறம் வலது பக்கம் இதேபோல். கண்ணை மூடிக்கொண்டு "இடது, வலது, இடது, வலது" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனால், கீழே நிற்கிறவர் சரியா என்று சொல்லிவிடுவார். ஆள் இல்லையென்றால் கைபேசியில் பின்னாலிருந்து வீடியோ எடுக்கச் சொல்லி, நம் குரல் அதில் விழுகிற மாதிரி வைத்து, பிறகு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இதற்குச் செலவு கிடையாது, குதிரைக்கும் சிரமம் கிடையாது.

இது எதற்கு என்றால், காலால் சொல்கிற சொல் குதிரைக்குப் போய்ச் சேருகிற நேரம் ஒன்றே ஒன்றுதான்: அந்தப் பின்னங்கால் தரையை விட்டுக் கிளம்புகிற நொடி. ஊன்றி நிற்கிற காலை எவ்வளவு உதைத்தாலும் அதை மாற்ற முடியாது, எடை முழுவதும் அதன்மேல் இருக்கிறது. கிளம்புகிற நேரத்தில் கெண்டைக்காலால் லேசாகத் தொட்டால் அந்தக் கால் இன்னும் கொஞ்சம் உள்ளே, வயிற்றுக்கு அடியில் வந்து விழும். நேரம் தெரியாமல் ஒவ்வொரு எட்டுக்கும் உதைத்துக்கொண்டே போகிறவர்களின் குதிரை கொஞ்ச நாளில் விலாவை மரத்துப்போக வைத்துக்கொள்ளும். அப்புறம் சாட்டை, அப்புறம் குதிகாலில் மாட்டிக் குத்துகிற முள்ளாணி. எல்லாம் அந்த ஒரு நொடியைக் கேட்கத் தெரியாததால் வருகிற வினை.

மணல் நமக்கு நல்ல வாத்தியார். ஆற்றில் தண்ணீர் வற்றி ஓரம் ஈரமாக, கெட்டியாக இருக்கிற நேரத்தில் நேர்கோட்டில் நடத்திவிட்டு இறங்கிப் பின்னால் போய்த் தடத்தைப் பாருங்கள். முன்னங்கால் தடத்தின்மேல் அதே பக்கத்துப் பின்னங்கால் தடம் விழுந்திருக்கிறதா, தாண்டி விழுந்திருக்கிறதா, எட்டாமல் பின்னால் நிற்கிறதா? தளர்வாக, நீளமாக நடக்கிற குதிரை தாண்டித்தான் வைக்கும். ஒரு பக்கம் தாண்டி இன்னொரு பக்கம் எட்டாமல் இருந்தால் அந்தப் பக்கம் ஏதோ இறுக்கம். குளம்பின் முன்முனை மட்டும் ஆழமாகக் கீறி இழுத்திருந்தால் காலைத் தூக்காமல் இழுக்கிறது. வல்லநாட்டுச் செவலையின் தடத்தில் பின்னங்கால்கள் முன்னங்கால் கோட்டில் விழாமல் ஒரு விரற்கடை இடது பக்கம் தள்ளியே விழும், இரண்டு தண்டவாளம் கொஞ்சம் விலகி ஓடின மாதிரி தெரியும். மேலே இருக்கும்போது எனக்கு அது நேராகப் போகிறதாகத்தான் பட்டது. தடத்தைப் பார்த்துவிட்டு மறுபடி ஏறினபோதுதான் நான் உட்கார்கிற இடுப்பெலும்பில் வலது பக்கம் சேணத்தில் அழுத்தமாகவும் இடது லேசாகவும் இருப்பது உறைத்தது. எல்லாக் குதிரைக்கும் பிறவியிலேயே ஒரு பக்கம் வளையும், ஒரு பக்கம் முரண்டும். ஏறுகிற நாமும் அப்படித்தான்.

ஒரு எச்சரிக்கை. தடம் தாண்டி விழுவதையே பெரிய குறியாக வைத்துக்கொள்ளக் கூடாது. குதிரை நன்றாகப் பாரத்தைப் பின்னால் வாங்கிச் சுருங்கி நடக்கும்போது எட்டு குறுகும், தடம் தாண்டாது, ஆனால் பின்னங்கால் மூட்டுகள் மடிந்து அதிக எடையைத் தாங்கிக்கொண்டிருக்கும். எவ்வளவு தூரம் எட்டு வைக்கிறது என்பது ஒன்று, எவ்வளவு சுமக்கிறது என்பது வேறொன்று. அந்தச் செவலை வண்டியில் ட்ராட்டிலேயே, அதாவது நடைக்கு அடுத்த மிதமான ஓட்டத்திலேயே, நெடுந்தூரம் போய்ப் பழகியது, எட்டு பிரமாதமாக நீளும், பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். ஆனால் பின்னங்கால் தள்ளுகிறதே தவிரத் தாங்குவதில்லை. மார்பில் வாரைக் கொடுத்து முன்னால் சாய்ந்து இழுத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும். அதன்மேல் உட்கார்ந்தால் இறக்கத்தில் போகிற மாதிரியே இருக்கும், நிறுத்தச் சொன்னால் நாலைந்து எட்டு தள்ளிப் போய் முன்னங்காலில் முட்டி நிற்கும். வேகம் இருக்கிறது, பலம் இருக்கிறது, பேலன்ஸ் இல்லை. இந்த மூன்றும் ஒன்றல்ல என்பதை எனக்கு உடம்பில் உணர்த்தியது அந்தக் குதிரைதான்.

அதற்கு உதவினது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, மாற்றி மாற்றிக் கேட்பதுதான். நடை, ட்ராட், மறுபடி நடை. ட்ராட்டில் பத்துப் பன்னிரண்டு எட்டு, நடையில் நாலைந்து எட்டு. நடைக்கு இறங்கும்போது லகானை இழுக்காமல், நாம் உயர்ந்து உட்கார்ந்து, மூச்சை விட்டு, தொடையை மெல்ல மூடி, விரல்களை மட்டும் மூடித் திறக்க வேண்டும். அந்த மூடித் திறப்பு ஒரு எட்டு நேரம்தான். இதை ரைடிங் பள்ளிகளில் ஹாஃப் ஹால்ட் என்பார்கள். நிறுத்தப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, நிறுத்தாமல் மறுபடி விட்டுவிடுவது. கேட்ட குதிரை முன்னால் போக இருந்த பாரத்தை ஒரு கணம் பின்னால் வாங்கிக்கொள்ளும். மூடின விரலைத் திறக்கத் தவறினால் அது இழுப்பாகிவிடும். எல்லாருக்கும் மூடுவது சுலபம், திறப்பதுதான் பழக வேண்டியிருக்கிறது.

ரேஸ் குதிரைக்கு வருகிறேன். பணகுடித் தோட்டத்தில் இருக்கிறது தரோபிரெட் இனம், உயரமானது, நல்ல சுபாவம். இந்த இனத்தை 2 வயதிலேயே பந்தயத்தில் ஓடவிடுகிறார்கள். முதுகெலும்பின் வளர்ச்சித் தகடுகள் மூடி முடிய 5 வயதுக்கு மேலும் ஆகும் என்பதை நினைத்தால் மனசு கஷ்டப்படும். ரேஸில் ஜாக்கி அங்கவடியைக் குட்டையாக வைத்துச் சேணத்தைத் தொடாமல் குனிந்து நிற்பார், லகானை இறுக்கிப் பிடிப்பார், குதிரை அந்தப் பிடியில் சாய்ந்துகொண்டு ஓடும். அதற்கு இறுக்கம் என்றால் ஓடு என்று அர்த்தம். நாம் பயந்து இழுத்தால் அது கீழ்ப்படிந்து இன்னும் வேகமாகப் போகிறது, நாம் அதை முரட்டுக் குதிரை என்கிறோம். இந்தக் குதிரையில் கை கனக்கிறது என்றால் முன்பாரம் என்று அர்த்தம், அது நம் கையை ஐந்தாவது காலாக வைத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் காலை எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக, சாய்கிற நேரத்தில் பிடி கொடுக்காமல், பெரிய வட்டத்தில் சுற்றவிட்டு, உள்பக்கப் பின்னங்கால் வட்டத்துக்காகத் தானாகவே உள்ளே வந்தாக வேண்டிய கட்டாயத்தை உண்டாக்க வேண்டும். சின்ன வட்டம் வேண்டாம், கால் பழகாத குதிரைக்கு அது மூட்டில் பாரம். 20 மீட்டர் குறுக்களவுக்குக் குறையாத வட்டம் போதும்.

அந்தப் பக்கம் ஆனி ஆடியில் கணவாய்க் காற்று அடிக்கும். காற்றாலை இறக்கைகளின் சத்தம் வேறு. காற்று நாளில் அந்தக் குதிரையின் முதுகு பலகை மாதிரி விறைத்துவிடும், தலை தூக்கிவிடும், பின்னங்கால் பின்னாலேயே நின்றுவிடும். பயந்த குதிரைக்குப் பேலன்ஸ் கிடையாது என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். அன்றைக்குப் பாடம் நடத்தக் கூடாது. நீளக் கயிற்றில் சுற்றவிட்டு, மூக்கால் ஒரு பெருமூச்சு விடுகிற வரை காத்திருந்து, நடையோடு முடித்துவிட வேண்டும். ஐரோப்பியப் பயிற்சி முறையில் ஒரு வரிசை உண்டு: முதலில் தாளம், பிறகு தளர்வு, பிறகு கடிவாளத்தோடு இணக்கம், பிறகு உந்துதல், பிறகு கோணாமல் நேராகப் போவது, கடைசியில்தான் சுருங்கிச் சுமப்பது. தளர்வு இரண்டாவது படி. அதைத் தாண்டிக் குதித்து ஆறாவதுக்குப் போக முடியாது என்பதைக் காற்று நாளில் அந்தக் குதிரை தெளிவாகச் சொல்லும்.

மார்வாரிப் பெண்குதிரை இதற்கு நேர் எதிர். அதன் உரிமையாளர் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடிச் சந்தையில் பார்த்துப் பிடித்து வாங்கி வந்தது. காது இரண்டும் நுனியில் உள்நோக்கி வளைந்து கிட்டத்தட்டத் தொட்டுக்கொள்ளும், கழுத்தை உயர்த்திக்கொண்டு வருகிற அழகுக்கே வழியில் ஆள் நிற்பார்கள். ஆனால் கழுத்து உயரமாக இருப்பதும் முன்பக்கம் எழும்பி வருவதும் ஒன்றல்ல. இதன் முதுகு நடுவில் குழிந்திருக்கும். முதுகு குழிந்தால் பின்னங்கால் உள்ளே வர வழியே கிடையாது. வயிற்றுத் தசை சுருங்கி முதுகு உயர்ந்தால்தான் இடுப்பு மடிந்து கால் உள்ளே வரும். கை துளியும் கனக்காது, வெறும் நூலைப் பிடித்திருக்கிற மாதிரி இருக்கும். லேசாக இருக்கிறதே, நல்ல பேலன்ஸ் என்று தோன்றும். கடிவாளத்தைத் தொட அது பயப்படுகிறது என்பதுதான் உண்மை. வாய்க்குள்ளே பழைய தழும்பு இருக்கிறது, முள் வைத்த கடிவாளம் போட்டிருக்கிறார்கள். இழுவை, சுமை விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டின் வதைத் தடுப்பு விதிகளே முள் கடிவாளத்தைத் தடை செய்கின்றன, ஆனாலும் கல்யாண ஊர்வலங்களில் குதிரையை ஆடவைக்க இன்னும் போடுகிறார்கள். தயவுசெய்து போடாதீர்கள், போட்டிருப்பதைப் பார்த்தால் சொல்லுங்கள். அந்த வாய் மறுபடி நம்பிக்கை கொள்ள மாதக்கணக்கில் ஆகும்.

இந்தக் குதிரையில் கீழே நின்று பார்க்க வேண்டியது கழுத்தின் அடிப்பக்கம். அடிக்கழுத்துத் தசை புடைத்து, மேல்கழுத்து வாடியிருந்தால் அது தலையைத் தூக்கிக்கொண்டே வாழ்கிறது. கழுத்தை நீட்டித் தாழ்த்தவிட்டு, சாதாரண மென்மையான கடிவாளத்தோடு, நீளமான லகானில் நீண்ட நேரம் நடத்தினோம். தலையைத் தாழ்த்துவதற்காக எதையும் கட்டி இழுக்கவில்லை, கட்டினால் தலை தாழும், முதுகு எழாது. அப்புறம் ஒரு காலையில், குளக்கரைச் சரிவில் மெல்ல இறங்கும்போது, சேணத்துக்குக் கீழே முதுகு நிறைந்து வந்து என்னைத் தூக்கிற்று. உட்கார இடம் கிடைத்தது என்றுதான் சொல்ல வேண்டும், அதுவரை நான் அதன்மேல் உட்காரவே இல்லை, தொடையால் பிடித்துக்கொண்டிருந்தேன் போல. அந்த நேரம் லகானில் மெல்லிய, உயிருள்ள ஒரு கனம் வந்தது. ரேஸ் குதிரையில் கனம் கெட்ட செய்தி, இதில் அதே கனம் நல்ல செய்தி. கையை மட்டும் நம்பி எந்தக் குதிரையையும் அளக்கக் கூடாது, இருப்பு என்ன சொல்கிறது என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

மார்வாரியில் இன்னொன்று. சிலவற்றுக்கு ரேவால் என்ற ஒரு நடை பிறவியிலேயே வரும். குலுக்கல் இல்லாமல் ஒரே பக்கத்துக் கால்கள் அடுத்தடுத்து விழுகிற, தண்ணீர் ததும்பாத நடை. ட்ராட்டில் குறுக்கு ஜோடியாகக் கால் விழும், இரண்டு தாளம், அந்தத் தாளத்துக்கு நாம் சேணத்தில் எழுந்து எழுந்து உட்காரலாம். ரேவாலில் எழுந்து உட்காரப் பார்த்தால் எழவே இடம் இருக்காது. குதிரைமேல் பழி போட வேண்டாம், தாளத்தை எண்ணிப் பாருங்கள்.

மட்டக்குதிரையைப் பலர் மதிக்க மாட்டார்கள். எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை. குட்டை முதுகு, குட்டைக் கால், பாரம் எப்போதும் தனக்குள்ளேயே இருக்கும், வரப்பில் திரும்பச் சொன்னால் நின்ற இடத்திலேயே திரும்பும். எட்டு மட்டும் அவசர அவசரமாக விழும், அந்த அவசரத்தைப் பின்னங்கால் சுறுசுறுப்பு என்று எண்ணிவிடக் கூடாது. என் உயரத்துக்கு நான் அதில் கொஞ்ச நேரத்துக்கு மேல் ஏறுவதில்லை, சேணத்தோடு சேர்த்துக் குதிரை எடையில் 5இல் 1 பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது பொதுவாகச் சொல்கிற கணக்கு. நம் வெயிலுக்கு அதற்கும் குறைவாக வைத்துக்கொள்வது நல்லது.

இடம் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஊரில் கட்டின மைதானம் கிடையாது, ஆனால் குளக்கரை இருக்கிறது, அதைவிட நல்ல பயிற்சிக்கூடம் கிடையாது. கரைச் சரிவில் ஏறினால் பின்னங்கால் தள்ளப் பழகும். மெதுவாக, நேராக இறங்கினால் பின்னங்கால் உள்ளே வந்து தாங்கப் பழகும். இறங்கும்போது அவசரப்பட விடாதீர்கள், ஒவ்வொரு எட்டாக, நடுவில் ஒருமுறை நிறுத்தி மறுபடி நடத்துங்கள். கோடையில் வற்றின குளத்து உள்வாய் விசாலமாக இருக்கிறதே என்று கேண்டர், அதாவது ட்ராட்டைவிட வேகமான ஓட்டம், போகப் பார்ப்பார்கள். கரம்பை வெடித்த வெடிப்பில் குளம்பு மாட்டினால் கால் போய்விடும், முதலில் நடந்து பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும். குதிரைமொழித் தேரி மாதிரியான ஆழமான செம்மணலில் சிலர் பலம் ஏற என்று ஓட்டுகிறார்கள். ஆழ மணல் காலின் தசைநாரை நாசம் பண்ணும். சில நிமிட நடை போதும், ஓட்டம் வேண்டாம். எல்லாமே விடிகாலையில், வெயில் ஏறுமுன் முடிந்துவிட வேண்டும்.

தீனியும் பேலன்ஸும் வேறு வேறு இல்லை. பழைய காயல் துறைமுகத்தில் அரபுக் குதிரைகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கின காலத்தைப் பற்றி 13ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார், பேணத் தெரியாததால் அவை சீக்கிரம் செத்துப்போயின என்றும் எழுதியிருக்கிறார். அதைப் படிக்கும்போது இன்றைக்கும் வேலையே இல்லாத குதிரைக்குக் கொள்ளை அள்ளிக் கொட்டுகிறவர்கள்தான் ஞாபகம் வருகிறார்கள். குதிரைக்கு முதல் சாப்பாடு புல், நாள் முழுக்கப் புல். கொள்ளும் தவிடும் வேலைக்குத் தக்கபடிதான். கொழுத்து நடுவயிறு தொங்குகிற குதிரைக்கு வயிற்றுத் தசை எழாது, முதுகு தூக்காது, நீங்கள் மேலே இருந்து என்ன கேட்டாலும் கொடுக்க அதனிடம் இருக்காது. வாங்கப் போகிற இடத்தில் சுழி பார்க்கிற பெரியவர்களோடு நான் வாதாடுவதில்லை, அவர்கள் பார்த்து முடிக்கட்டும். ஆனால் அப்புறம் குதிரையைப் பின்வாங்கி நடக்கச் சொல்லிப் பாருங்கள். பின்னங்காலை மடித்து ஒவ்வொன்றாக வைத்துப் பின்னே போகிறதா, முதுகை விறைத்துக் காலை இழுக்கிறதா என்று பார்த்தால் பாதி ஜாதகம் தெரிந்துவிடும்.

தெரியாத குதிரையில் ஏறும்போது நான் இப்போது செய்வது இதுதான். ஏறுமுன் முதுகை விரலால் தடவி அழுத்திப் பார்ப்பேன், எங்கேயாவது நெளிந்தால் அன்றைக்குச் சேணமே கிடையாது. லாடம் தேய்ந்திருக்கிற விதத்தைப் பார்ப்பேன், முன்முனை மட்டும் தேய்ந்திருந்தால் இழுத்து நடக்கிறது. ஏறினவுடன் லகானை நீளமாக விட்டு நடக்கவிடுவேன், ஒன்றும் கேட்க மாட்டேன், இடது வலது எண்ணுவேன். எந்தப் பக்கம் இடுப்பு குறைவாக இறங்குகிறது என்று தெரிந்துகொள்வேன். பிறகு நிறுத்தச் சொல்வேன். நிற்கும்போது எந்தப் பக்க இடுப்பெலும்பில் நான் அழுத்தமாக இருக்கிறேன், பின்னங்கால் இரண்டும் ஒன்றாக வந்து நின்றதா, ஒன்று வெளியே நிற்கிறதா? அப்புறம்தான் ட்ராட், அதில் இரண்டு பக்கமும் சம நேரம், எந்தக் குறுக்கு ஜோடிக் காலோடு எழுந்து உட்காருகிறேன் என்பதையும் வழியில் மாற்றி மாற்றி. நல்லதாக நாலு எட்டு கொடுத்தால் லகானை விட்டுப் பிடரியைத் தடவி அங்கேயே ஓய்வு கொடுத்துவிடுவேன். பின்னங்காலில் சுமப்பது குதிரைக்குக் கடினமான வேலை, புதுக் குதிரைக்குச் சில நிமிடங்களிலேயே தசை ஓய்ந்துவிடும். ஓய்ந்த பிறகும் கேட்டால் அது முன்பாரத்துக்குத் திரும்பும், அல்லது கோணலாக நின்று தப்பிக்கும். அதைச் சண்டித்தனம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நேற்றுவரை நன்றாக வந்த குதிரை இன்றைக்குத் திடீரென்று ஒரு பக்கம் இடுப்பை இறக்கவில்லை, கையில் சாய்கிறது, கேண்டரில் கால் மாற்றிப் போடுகிறது என்றால் பயிற்சியில் குறை தேடாதீர்கள். இறங்குங்கள். குளம்பைத் தூக்கிக் கல் இருக்கிறதா பாருங்கள், முழங்காலுக்குக் கீழே தசைநாரைத் தடவிச் சூடு இருக்கிறதா பாருங்கள், வயிற்று வார் இறுகின இடத்தில் புண் இருக்கிறதா பாருங்கள், பல் கூர்மையாகிக் கன்னத்தைக் கிழிக்கிறதா என்று கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கெட்டித் தரையில் யாரையாவது ட்ராட்டில் ஓட்டச் சொல்லித் தலையைக் கவனியுங்கள்: முன்னங்காலில் வலி என்றால் அந்தக் கால் விழும்போது தலை மேலே தூக்கும், நல்ல கால் விழும்போது தாழும். அப்படித் தெரிந்தால் சேணத்தைக் கழற்றிவிட்டு, கையில் பிடித்து நடத்தியே வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்.